விதியை மதிக்காதவர்கள் நடுவே சென்னையில் இருசக்கர வாகனம் ஓட்டுவது எப்படி?

சென்னைச் சாலைகளில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர் விதிகளைக் கடைப்பிடித்தால் மட்டும் போதாது. மற்றவர் செய்யப்போகும் தவறுக்கும் சேர்த்து இடம் விட்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. நம் அடுத்த நகர்வைப் பிறர் எளிதில் ஊகிக்கும்படி ஓட்டுவதும், பிறர் விதிப்படி நடப்பார்கள் என்று ஒருபோதும் நம்பிவிடாமல் இருப்பதும் இதற்குப் போதுமான பயிற்சி.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் சிக்னல். சிவப்பு விளக்கின் நொடிக்கணக்கு மூன்றுக்கு வருவதற்குள் முன்வரிசை வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. குறுக்குச் சாலையில் மஞ்சளைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டிப் பாய்கிறவரும் அதே நொடிகளில்தான் சந்திப்பின் நடுவில் இருப்பார். ஆகவே பச்சை விழுந்தபின் முதலில் வலப்புறமும் அடுத்து இடப்புறமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இடப்பக்கமாக ஓட்டும் நம் நாட்டில் குறுக்கே வரும் வண்டி முதலில் வலமிருந்துதான் நம்மை எட்டும். வலப்புறம் ஒரு மாநகரப் பேருந்தோ தண்ணீர் லாரியோ நின்று பார்வையை மறைத்தால், அதை முந்திக்கொண்டு பாயாமல், அது நகர்ந்தபின் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவருக்கு அவசரம் இருக்கலாம், ஆனால் முதலில் அடிபடும் இடத்தில் நிற்பவர் அவரல்லர். சிக்னலை நெருங்கும்போதே கண்ணாடியில் பின்புறத்தைக் கவனித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, நிறுத்தக் கோட்டுக்கு முன்பே நிற்பது நல்லது. மஞ்சளைத் தாண்டிவிடலாம் என்று பின்னால் ஒருவர் தீர்மானித்திருந்தால், நாம் திடீரென்று பிடிக்கும் பிரேக் நமக்கே வினையாகும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடக்கிறது. பிரேக்கில் கை வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியபின் நாம் அதே கம்பத்தை எட்ட இரண்டு நொடியாவது ஆக வேண்டும். அந்த இடைவெளியில் யாராவது நுழைந்தால் சினந்து பயனில்லை; மீண்டும் பின்தங்கிக்கொள்வதே வழி.

எதிர்த்திசையில் வருகிறவர்கள் பெரும்பாலும் சாலையோரத்தை ஒட்டியே, அதாவது நம் இடப்புற ஓரத்தில்தான் வருவார்கள். பழைய மகாபலிபுரம் சாலைபோல, திரும்புமிடம் தொலைவில் இருக்கும் சாலைகளில் இது அன்றாடக் காட்சி. எனவே விளிம்பை ஒட்டிச் செல்லாமல் ஓரிரு மீட்டர் உள்ளே தள்ளிச் செல்லுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திடீரென்று திறந்தாலும் இந்த இடைவெளி காப்பாற்றும். முன்வண்டி வலப்புறம் திரும்பக் காத்திருக்கும்போது தவிர, இடப்பக்கமாக முந்துவது பொதுவாக விதிமீறல். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடப்பக்கத்தில் நுழைவது, இறங்குகிற பயணியின் மேல் வண்டியை ஏற்றுவதற்குச் சமம். ஷேர் ஆட்டோவோ, யார் கை காட்டினாலும் அங்கேயே நிற்கும். அதன் பின்னால் கூடுதல் இடைவெளி விடுங்கள்.

ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். கொக்கியைப் பூட்டாமல் அணிந்தால் மோதிய கணத்திலேயே அது கழன்றுவிடும். முழங்கையில் மாட்டிச் செல்கிறவர்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறார்களோ தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் யாரேனும் மோதிவிட்டு நிற்காமல் சென்றால், துரத்தாதீர்கள். வண்டி எண், நிறம், சென்ற திசை ஆகியவற்றை உடனே குறித்துக்கொண்டு, காயம் இருந்தால் 108-ஐயும், காவல்துறைக்கு 112-ஐயும் அழையுங்கள். முடிந்தால் வண்டியை ஓரம் கட்டுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் இழப்பீடு கோரும்போது மருத்துவமனைச் சீட்டுடனும் முதல் தகவல் அறிக்கையுடனும் அந்தப் படங்களும் தேவைப்படும்.