ரிப்போர்ட் நார்மல் ஆன மறுநாள்: உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பியவர்கள் செய்யும் தவறுகள்

திருநெல்வேலி டவுனிலிருந்து குறுக்குத்துறை போகிற சாலையில் காலை ஐந்தரை மணிக்கு நடக்கத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. தை பிறந்தால் புது முகங்கள் வரும். பங்குனியில் பாதிப் பேரைக் காணாது. போன மாதம், பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தம்பி ஒருவர் என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, சுகர் நார்மல் வந்துட்டு. இனி நடக்காட்டாலும் ஒண்ணுமில்லலா?" என்று கேட்டார். சந்தோஷமாகத்தான் கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவர் கேட்டதை ஒரு காலத்தில் நான் யாரிடமும் கேட்காமலே செய்தேன். அதற்கு இன்னும் தினமும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அல்வாவைக் குறை, சீக்கிரம் தூங்கு, மாடிப்படி ஏறு என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தும் ஏன் மூன்று மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

பயத்தை மட்டும் நம்பி இறங்குவது

எனக்குப் பாத்திரக்கடை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிற வேலை. 44 வயதில் வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 இருந்தது. மூன்று மாத சராசரி காட்டுகிற HbA1c டெஸ்டில் 6.3. டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே என்றால் கவலையில்லை, 126 ஆகிவிட்டால் சர்க்கரை நோய், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்றார். சராசரி டெஸ்டில் அந்த நடுப்பகுதி 5.7 முதல் 6.4 வரை. நான் அதன் மேல்முனையில் இருந்தேன்.

என் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். அன்று இரவு முழுக்க அந்தக் கட்டுப் போட்ட கால்தான் கண்ணில் நின்றது. மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். சோற்றைப் பாதியாக்கினேன், காப்பியில் சீனியை நிறுத்தினேன். ஐந்து மாதம் ஒரு நாள் தவறவில்லை. திரும்ப டெஸ்ட் எடுத்தபோது 5.6.

அன்று சாயங்காலம் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதில் பெரிய தப்பில்லை. மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை, அங்கேதான் எல்லாம் கெட்டது. இன்றைக்கு ஒரு நாள் ஓய்வு என்று நினைத்தேன். அந்த வாரம் அப்படியே போனது. அடுத்த மாதம் கடையில் கல்யாண சீசன், நிற்க நேரமில்லை. பிறகு நடையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

எதற்காக நடந்தேன்? பயந்து நடந்தேன். சீட்டில் 5.6 என்று பார்த்ததும் பயம் போய்விட்டது. அப்புறம் இருட்டில் எழுந்து செருப்பு மாட்ட எனக்கு என்ன காரணம் இருந்தது? ஒன்றும் இல்லை. சர்க்கரை வலிக்கிற நோயாக இருந்தாலாவது உடம்பு ஞாபகப்படுத்தும். அது ஏறும்போது பல வருஷம் சத்தமே காட்டாது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. நடையை விட்ட பிறகு அந்தப் பயம் வேறு வேலை செய்தது. உடம்பு கனத்துவிட்டது எனக்கே தெரிந்தது, டெஸ்ட் எடுக்கத்தான் மனசு வரவில்லை. லேப் இருக்கிற தெரு வழியாகத்தான் தினமும் கடைக்குப் போவேன். ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும் என்று இரண்டரை வருஷம் தள்ளினேன். முதலில் என்னை நடக்க வைத்த அதே பயம்தான் பிறகு லேபுக்குள் நுழைய விடாமலும் தடுத்தது. 47 வயதில், கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சொல்லி, வேறு வழியில்லாமல் பார்த்தேன். 8.1.

இழந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. என்னைப் போல நடுக்கோட்டில் நின்றவர்களை வைத்து சென்னையில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள், 2006இல் வெளியானது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் தொடர்ந்து மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்கு வந்தது. அமெரிக்காவில் 2002இல் வந்த ஆய்வில் வித்தியாசம் இன்னும் பெரிது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது என்று வைத்துக்கொண்டவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாறியவர்களிலும் சிலருக்கு வரத்தான் செய்தது. ஆனால் என் கையில் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. 5.6 என்ற சீட்டை வெற்றி என்று மடித்து பீரோவில் வைத்தேனே தவிர, அந்த மூன்று மாதம் எப்படி இருந்தேன் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ரத்தச் சிவப்பணு 120 நாள் அளவில்தான் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கிற சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. அடுத்த நாலு மாதத்துக்கு அது உத்தரவாதம் தராது.

பயம் கிளப்பிவிடும், அதை நான் மறுக்கவில்லை. கிளம்பிய கையோடு வேறு காரணம் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட் நன்றாக வந்த மறுநாளும் நான் ஏன் இதைச் செய்ய வேண்டும்? புதிதாக வருகிற எல்லாரிடமும் நான் கேட்கிற கேள்வி இது. பதில் உடனே வராது. வராவிட்டால் பரவாயில்லை, கேள்வி மனசில் கிடக்கட்டும்.

எனக்கு அந்தப் பதில் ஆனித் தேரில் கிடைத்தது. சின்ன வயதிலிருந்து நெல்லையப்பர் பெரிய தேருக்கு வடம் பிடித்தவன். மாத்திரை ஆரம்பித்த வருஷம் கீழ ரதவீதியில் பிடித்தேன், தெற்கு ரதவீதிக்குத் திரும்புவதற்குள் மூச்சு வாங்கி வடத்தை விட்டுவிட்டு ஓரமாக வந்து நின்றேன். தேர் என்னைத் தாண்டிப் போனது. அன்றைக்கு வந்த வருத்தம், அப்பாவின் காலை நினைத்து வந்த பயத்தைவிட ஆழமாகப் போனது. அடுத்த ஆனிக்குள் நாலு வீதியும் இழுக்க வேண்டும் என்று நடந்தேன். இழுத்தேன். தேர் வருஷா வருஷம் வருகிறது, அதனால் காரணமும் தீரவில்லை. இப்போது சராசரி 6.8க்குள் நிற்கிறது.

வீட்டுக்காரிக்காக நடப்பது

மனைவி சொன்னாள், பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்று நடக்க வருகிறவர்கள் உண்டு. பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் ஒரு சண்டை வந்தால் அன்றைக்கு நடை கிடையாது என்பதைப் பார்த்திருக்கிறேன். என்னோடு நடந்த ஒருவர் மகளிடம் மனஸ்தாபம் வந்து நாலு மாதம் வரவில்லை. மகளுக்காக நடந்தவர், அவளுக்கு வலிக்கட்டும் என்று நிறுத்தினார். வலித்தது அவருடைய மூட்டு. அவர்களுக்காக இருக்கட்டும், கூடவே உங்களுக்கென்று ஒன்று வேண்டும்.

பத்தாயிரம் அடி கணக்கு

1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளக்கும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து கிளம்பிய எண் இது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. நாலாயிரம் அடியோடு வீடு திரும்பியவர் தோற்றதாக நினைத்துக்கொண்டு மறுநாள் வராமல் இருப்பதுதான் நஷ்டம்.

இருபத்தொரு நாளில் பழகிவிடும் என்று நம்புவது

பழகாது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது, ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்றும் அதில் கண்டார்கள். இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். ஐப்பசியில் மழை பிடித்தால் நாலு நாள் வெளியே தலை காட்ட முடியாது. ஐந்தாம் நாள் வெயில் வந்தாலும் "விட்டது விட்டதுதான், பொங்கலுக்கு மேல பார்ப்போம்" என்று படுத்துவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் பத்து நிமிஷம் நடந்தால் போதும்.

ஊர்ச் சாப்பாட்டை எதிரியாக்குவது

சொந்தக்காரர் வீட்டு மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் போய், சொதியைத் தொடாமல் டப்பாவில் கொண்டுபோன ஓட்ஸைச் சாப்பிட்ட ஒருவரைத் தெரியும். இரண்டு மாதம் அப்படி இருந்தார், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து விட்டார். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு எப்போதாவது சாப்பிடுகிற சொதி அவரைக் கெடுத்திருக்காது. சோற்றை இரண்டாம் தடவை வாங்காமல் இருந்தால் போதும்.

கருப்பட்டி என்றால் ஏறாது

ஏறும். உடன்குடிக் கருப்பட்டி என்றாலும் ஏறும்.

ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை நீங்களே நிறுத்துவது

டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

காரணம் கிடைத்தபின் கிளம்பலாம் என்று காத்திருப்பது

மேலே நான் சொன்னதை வைத்து இப்படி ஆகிவிடக் கூடாது. உட்கார்ந்து யோசித்தால் காரணம் கிடைப்பது அபூர்வம். எனக்கே வடத்தை விட்ட பிறகுதான் கிடைத்தது. பயமோ, மனைவியோ, நண்பரோ, எது கிளப்பினாலும் கிளம்புங்கள். உடம்பு கொஞ்சம் அசைய ஆரம்பித்தால் எதை விட்டுவிட்டோம் என்பது தானாக நினைவுக்கு வரும்.

ஜவுளிக்கடைத் தம்பியிடமும் அதே கேள்வியைத்தான் அன்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளும் வந்தார். மூன்று வாரம் கழித்து, ஆற்றுப் பக்கம் திரும்புகிற இடத்தில், அவரே ஆரம்பித்தார். "போன வருஷம் தோரணமலைக்குப் போனோம் அண்ணாச்சி. பாதிப் படியில உக்காந்துட்டேன். மவ மேல ஏறிப் போய் நின்னுக்கிட்டு, அப்பா வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. நான் எந்திக்கல." கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். "அவ கூட ஏறணும்" என்றார்.