அமெரிக்க மேற்கில் முதல் ஸ்கீ பயணம்: மலையை எப்படித் தேர்ந்தெடுப்பது, பனியை எப்படிக் கணிப்பது

ஸ்கீ போகலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் "சிறந்த ஸ்கீ ரிசார்ட்" என்றுதான் தேடுகிறார்கள். தேடினால் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல், யூட்டாவின் ஸ்னோபேர்ட் என்று வந்து நிற்கும். இரண்டும் அருமையான மலைகள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் போடுகிறவர்கள் பல வருடமாகச் சறுக்குகிறவர்கள், அவர்களுக்குச் செங்குத்தான சரிவும் இடுப்பளவு புதுப் பனியும் வேண்டும். முதல் முறையோ இரண்டாம் முறையோ போகிறவருக்கு வேண்டியது அகலமான, சாய்வு குறைந்த, நீளமான பாதை. இரவில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பனியும் (இதைத்தான் குரூமிங் என்கிறார்கள்), நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும்.

அதனால் எங்கே அதிகம் கொட்டுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கொட்டிய பனி நீங்கள் போகும் நாளில் காலடியில் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பழகுவோம். வரிசையாகப் போகலாம்.

படி 1: மலைக்கு முன்னால் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று மாதம் முன்னால் டிக்கெட் போடும்போது எந்த மலையில் பனி நன்றாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நீன்யா வருடங்களில் வடமேற்குப் பக்கம் சற்று அதிகம், அது சூடாகும் எல் நீன்யோவில் தெற்குப் பக்கம் சற்று அதிகம் என்று ஒரு பொதுவான போக்கு உண்டு. அதை நம்பி ஒரு குறிப்பிட்ட வாரத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரே விமான நிலையத்தில் இறங்கி நாலைந்து மலைகளில் எதற்கு வேண்டுமானாலும் போகக்கூடிய இடத்தைப் பிடியுங்கள். அப்போது கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் என் முதல் ஓட்டு சால்ட் லேக் சிட்டிக்கு. விமான நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ஆல்ட்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட், பார்க் சிட்டி, டீர் வேலி எல்லாம் வந்துவிடும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நெவாடா பாலைவனத்தைத் தாண்டி வந்து வாசாட்ச் மலைகளில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து கொட்டுகிறது. அதனால் அங்கே பனி லேசாக, உலர்ந்து இருக்கும். ஒரு விஷயம்: ஆல்ட்டாவிலும் டீர் வேலியிலும் ஸ்னோபோர்டுக்கு (இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்குவது) அனுமதி கிடையாது. கூட வருகிறவர்களில் ஒருவராவது போர்டு எடுப்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் டிக்கெட் கவுன்டரில் சண்டை வரும். தொடக்கக்காரர்களுக்கு பிரைட்டன், பார்க் சிட்டி, டீர் வேலி மூன்றும் நல்லவை. டீர் வேலியில் பர்ஸ் இளைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது டென்வர். பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன், காப்பர், வின்டர் பார்க், அரபஹோ பேசின் எல்லாம் இங்கிருந்து காரில் போகிற தூரம். காப்பர் மலையின் அமைப்பே விசேஷம்: மேற்குப் பக்கம் எளிதான சரிவுகள், கிழக்கே போகப் போகக் கடினம் என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது, அதனால் தெரியாமல் ஆபத்தான பாதைக்குள் நுழைந்துவிடுவோமோ என்ற பயம் குறைவு. கீஸ்டோனில் மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்கும் ஸ்கூல்மார்ம் என்ற பச்சைப் பாதை (வரைபடத்தில் பச்சை என்றால் எளிது), முதல் நாள் பயிற்சி முடிந்தவர்களுக்கு நல்ல பரிசு. டென்வரின் தொல்லை ஐ-70 நெடுஞ்சாலை. சனிக்கிழமை காலை மேற்கே போவதும் ஞாயிறு மாலை திரும்புவதும் தவம் மாதிரி. முடிந்தால் வார நாட்களில் போங்கள்.

மூன்றாவது ரீனோ, அதாவது டாஹோ ஏரிப் பக்கம். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் காரிலேயே இங்கேதான் போவார்கள். கடலுக்குப் பக்கம் என்பதால் பனி ஈரமாக, கனமாக வரும், உள்ளூர்க்காரர்கள் அதைச் 'சியெரா சிமென்ட்' என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும்.

படி 2: உயரத்தைப் பாருங்கள், முக்கியமாக அடிவாரத்தின் உயரத்தை

ரிசார்ட் விளம்பரத்தில் உச்சியின் உயரத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் இருக்கப்போவதோ பெரும்பாலும் கீழே, பயிற்சிச் சரிவில். ஆகவே அடிவாரத்தின் உயரம்தான் உங்கள் எண்.

ஒரு புயலில் மழை எந்த உயரத்தில் பனியாக மாறுகிறதோ அதைப் பனிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். டாஹோவில் இந்தக் கோடு ஒரே புயலுக்குள் ஏறி இறங்கும். கோடு 7,000 அடியில் நின்றால், சுமார் 6,200 அடியில் அடிவாரம் உள்ள பாலிசேட்ஸ் டாஹோவில் கீழே மழை, மேலே பனி. அதே நேரம் 7,800 அடியில் தொடங்கும் கர்க்வுட்டில் முழுக்கப் பனியாக இருக்கலாம். சியாட்டலுக்கு அருகில் இருக்கும் ஸ்னோகுவால்மி 3,000 அடிதான். அங்கே நடு ஜனவரியிலும் மழை பெய்வது சகஜம். கொலராடோவில் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை, பிரெக்கன்ரிட்ஜ் அடிவாரமே 9,600 அடி.

ஆனால் அந்த 9,600 அடிக்கும் ஒரு விலை உண்டு. சமவெளியிலிருந்து நேராகப் போனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று முதல் நாளே படுத்துவிடலாம். 5,280 அடியில் இருக்கும் டென்வரில் ஒரு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதல் நாள் மாலை மதுவைத் தவிருங்கள். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால், தங்குமிடம் தாழ்வாக இருக்கும் சால்ட் லேக் பக்கம் நிம்மதி.

படி 3: மாதம்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. டிசம்பர் தொடக்கத்தில் பல மலைகளில் இயந்திரத்தால் செய்த பனியில் ஓரிரு பாதைகள் மட்டும் திறந்திருக்கும், தேர்ந்தவர்கள், புதியவர்கள் எல்லோரும் அந்த ஒரே பாதையில் இறங்குவார்கள். புதியவருக்கு அது பயங்கரம். கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை, பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வார இறுதி மூன்றையும் தவிர்த்தால் கூட்டமும் செலவும் குறையும்.

படி 4: பாதை வரைபடத்தை வீட்டிலேயே படியுங்கள்

எல்லா ரிசார்ட்டும் வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கும். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டை வைரம் என்றால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். இந்த நிறங்கள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போட்டவை என்பதை மறக்கக் கூடாது. ஜாக்சன் ஹோலின் நீலம், இன்னொரு சாதுவான மலையில் கறுப்பாக இருந்திருக்கும்.

வரைபடத்தில் தேட வேண்டியது: பச்சைப் பாதைகள் எத்தனை, அவை ஒரே மூலையில் சேர்ந்து இருக்கின்றனவா, வேகமாக வருகிறவர்கள் அவற்றின் குறுக்கே வந்து சேர்கிறார்களா, மேலே போன லிஃப்டிலிருந்து பச்சையிலேயே கீழே வர வழி இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் அந்த லிஃப்டில் ஏறாதீர்கள்.

அப்புறம் திசை. வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவாக விழுவதால் பனி பல நாள் உலர்ந்தபடியே இருக்கும். தெற்கு பார்த்த சரிவு பகலில் உருகி இரவில் இறுகும். கொலராடோவின் வேல் (Vail) ரிசார்ட்டில் மலையின் பின்பக்கம் இருக்கும் புகழ்பெற்ற கிண்ணம் போன்ற அகன்ற சரிவுகள் பெரும்பாலும் தெற்கு பார்த்தவை, புதுப் பனியன்று சொர்க்கம், நாலு நாள் வெயில் அடித்தால் கதை வேறு. வசந்தத்தில் இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: காலையில் வெயில் முதலில் படும் கிழக்குச் சரிவு, பிறகு தெற்கு, மதியத்துக்கு மேல் மேற்கு என்று வெயிலின் பின்னாலேயே போனால் இறுகிய பனி இளகியிருக்கும் நேரமாகப் பார்த்துப் பிடிக்கலாம்.

படி 5: பணம் கட்டுவது

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெரிய ரிசார்ட்டுகளில் அன்றைக்குப் போய் டிக்கெட் வாங்கினால் ஒரு நாளுக்கு 200 டாலருக்கு மேல், விடுமுறைக் காலத்தில் வேல், பார்க் சிட்டி போன்ற இடங்களில் 300 டாலரைத் தாண்டும். பல மலைகளுக்கு ஒரே பாஸாகச் செல்லும் எபிக், ஐகான் என்ற இரண்டு பாஸ்களில் சில நாட்களுக்கு மட்டுமான வகையும் உண்டு, ஆனால் சீசன் தொடங்கிய கையோடு, டிசம்பரில் விற்பனையை நிறுத்திவிடுவார்கள். முதல் முறை என்றால் பாஸைவிட, பயிற்சி, வாடகைச் சாமான், தொடக்கச் சரிவு டிக்கெட் மூன்றும் சேர்ந்த தொகுப்பு மலிவு. தங்குமிடம் மட்டும் ரத்து செய்தால் பணம் திரும்புகிற மாதிரி எடுங்கள், இல்லாவிட்டால் முதல் படியில் சொன்ன மலை மாற்றும் வசதியே போச்சு.

படி 6: ஒரு வாரம் முன்னாலிருந்து பனியைக் கவனியுங்கள்

அமெரிக்க விவசாயத் துறை ஸ்நோடெல் என்று மலைகள் முழுக்கத் தானியங்கி நிலையங்கள் வைத்திருக்கிறது. தரையில் கிடக்கும் தலையணை போன்ற ஒரு கருவி தன்மேல் விழுந்த பனியின் எடையை அளந்து, அது உருகினால் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும். இது யாருக்கும் எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லாத எண், அதனால் எனக்குப் பிடிக்கும். வழக்கமான அளவில் இத்தனை சதவீதம் என்றும் காட்டுவார்கள். நவம்பரில் அது 150 சதவீதம் என்று வந்தாலும் துள்ளாதீர்கள், கொஞ்சத்தின் ஒன்றரை மடங்கு கொஞ்சம்தான். பிப்ரவரியில் 100க்குப் பக்கம் இருந்தால் கவலையே வேண்டாம்.

வானிலைக்கு தேசிய வானிலைச் சேவையின் தளத்துக்குப் போய் ஊரைத் தேடாமல், வரைபடத்தில் மலைமேலேயே சொடுக்குங்கள். அந்த இடத்தின் உயரத்துக்கான கணிப்பு வரும். பார்க்க வேண்டியது அங்குலங்களைவிட வெப்பநிலை. உறைநிலை 32 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 0 செல்சியஸ். கடந்த மூன்று நாளின் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் தெரிந்தால் பனியைப் பற்றி முக்கால்வாசி சொல்லிவிடலாம். மூன்று நாளும் பகலிலும் உறைநிலைக்குக் கீழே என்றால் பனி மென்மை. பகலில் 40, இரவில் 20 என்றால் காலையில் கட்டி, மதியம் சேறு, நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் அருமை. மழை பெய்து அடுத்த இரவு உறைந்தது என்றால் கண்ணாடிதான், அந்த நாளைக் கடைத்தெருவில் கழியுங்கள்.

புயல் நாளைப் பற்றி. ஒரு அங்குலத் தண்ணீருக்குப் பொதுவாகப் பத்து அங்குலப் பனி என்பார்கள். யூட்டாவில் அது இன்னும் லேசாக, பதினான்கு பதினைந்து வரை பொங்கும். நிபுணர்கள் வேலைக்கு லீவு போட்டு ஓடிவரும் அந்த நாள் உங்களுக்கானதல்ல. ஆழமான பனியில் ஸ்கீ புதைந்து திரும்பாது, மேகத்தில் மேடு பள்ளம் தெரியாது, காற்றில் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். மரத்தடிகளில் பனிக்கு அடியில் குழி இருக்கும், தலைகீழாக விழுந்தால் உயிருக்கே ஆபத்து. புயல் முடிந்து, வானம் தெளிந்து, பாதைகளைச் சமப்படுத்திய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தொடக்கக்காரரின் பொன்னாள்.

படி 7: ரிசார்ட்டின் பனி அறிக்கையை அப்படியே நம்பாமல் படியுங்கள்

டார்ட்மவுத் கல்லூரியின் பொருளாதார ஆசிரியர்கள் இருவர் ஆராய்ந்தபோது, ரிசார்ட்டுகள் வார இறுதியில் 23 சதவீதம் அதிகப் புதுப் பனி பெய்ததாக அறிவித்தது தெரியவந்தது. மேகத்துக்கு சனிக்கிழமை தெரியுமா என்ன. அதனால் "24 மணி நேரத்தில் 8 அங்குலம்" என்றால் கேமராவைப் பாருங்கள். பல ரிசார்ட்டுகளில் அளவுகோல் நட்ட பலகையை நேரடியாகக் காட்டும் கேமரா இருக்கிறது. 24 மணி, 48 மணி, 7 நாள் எண்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை, கூட்டிவிடாதீர்கள். அடித்தளப் பனியின் ஆழம் பெரும்பாலும் நடுமலையிலோ மேலேயோ அளந்தது.

எனக்கு அறிக்கையில் பயன்படுவது இரண்டே பகுதி: இன்று திறந்திருக்கும் பச்சைப் பாதைகளின் பெயர்கள், நேற்றிரவு சமப்படுத்திய பாதைகளின் பட்டியல். இரண்டிலும் இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய திட்டம் தயார்.

படி 8: சாலை, பிறகு காலடி

ஆல்ட்டா, ஸ்னோபேர்டுக்குப் போகும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குச் சாலையைப் பனிச்சரிவு அபாயத்தால் அவ்வப்போது மூடிவிடுவார்கள். ஐ-70இல் செப்டம்பர் முதல் மே வரை பனிக்கு ஏற்ற டயர் வேண்டும் என்ற சட்டம் உண்டு, டாஹோ பக்கம் புயலன்று டயரில் மாட்டும் பனிச் சங்கிலிக்கான சோதனை. பல வாடகைக் கார் நிறுவனங்கள் சங்கிலி மாட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், ஆகவே நான்கு சக்கர இயக்கமும் பனி டயரும் உள்ள வண்டியா என்று கேட்டு வாங்குங்கள். சால்ட் லேக்கில் தங்கினால் பேருந்திலேயே போய்விடலாம், பல ரிசார்ட்டுகளில் வார இறுதிக்குப் பார்க்கிங் முன்பதிவு வேறு வேண்டும்.

மலைக்கு வந்துவிட்டீர்கள். முதல் லிஃப்டில் போகும்போது கீழே சறுக்குகிறவர்களைக் காதால் கேளுங்கள். சத்தமே இல்லாமல் போனால் நல்ல பனி, பலகையைச் சுரண்டுவது போல 'கர்ர்ர்' என்றால் இறுகியிருக்கிறது. ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள்: உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உலர்ந்த பனி, தண்ணீர் சொட்டினால் இன்னும் ஒரு மணி நேரத்தில் கால் இழுக்கும். பாதையின் நடுவே நீலமாகவோ சாம்பலாகவோ பளபளக்கும் இடம் பனிக்கட்டி, அங்கே திரும்ப முயலாமல் நேராகத் தாண்டி ஓரத்தில், பனி குவிந்திருக்கும் இடத்தில் திரும்புங்கள். காலை இறுகலாக இருந்தால் அவசரப்படாமல் ஒரு காபி குடித்துவிட்டு பத்தரைக்கு மேல் இறங்குங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் கால் சோர்ந்து, நிழல் விழுந்து, பனி மறுபடி இறுகத் தொடங்கும். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று கூட வந்தவர் இழுத்தால், அவரைத் தனியாக அனுப்பிவிட்டு நீங்கள் பூட்ஸைக் கழற்றிவிடுங்கள்.