ஊட்டியில் வேகமும் பார்க்கிங்கும்: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஊட்டியில் எந்த வார்டில் கூட்டம் போட்டாலும் இரண்டு புகார் வந்தே தீரும். "எங்க தெருவுல வண்டிங்க பறக்குது, பிள்ளைங்கள வெளிய விட முடியல" என்பது ஒன்று. "டவுனுக்குள்ள வண்டி நிறுத்த ஒரு அடி இடமில்ல" என்பது இன்னொன்று. முதல் புகார் போலீஸுக்குப் போகும், இரண்டாவது நகராட்சிக்குப் போகும். இரண்டையும் இப்படிப் பிரித்து அனுப்புவதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சேரிங் கிராஸைப் பாருங்கள். கமர்ஷியல் ரோட்டில் இடம் தேடிக் கிடைக்காத கார், இன்னொரு சுற்று சுற்றி வரலாம் என்று திரும்புகிறது. பின்னால் வருபவர் போனில் மேப்பைப் பார்க்கிறார். அது மேலே இருக்கும் குடியிருப்புச் சந்து ஒன்றைக் காட்டி, ஐந்து நிமிடம் மிச்சம் என்கிறது. நெரிசலில் அரை மணி நேரம் நின்று சலித்தவர் அந்தச் சந்தில் நுழைந்ததும் என்ன செய்வார்? ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். டவுனில் இடமில்லாமல் சுற்றிய அதே வண்டிதான் தெருவில் பறக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சரிசெய்ய முடியாது.

எல்லாப் பழியையும் வெளியூர் வண்டி மேல் போடுவது

மே மாதத்தில், மலர் கண்காட்சி சமயத்தில், இது உண்மைதான். ஆனால் மழை பெய்யும் ஜூலைச் செவ்வாய்க்கிழமை? அன்றைக்கும் மெயின் பஜாரில் இடம் கிடைக்காது. நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீலகிரி வண்டிகளின் டி.என். 43 எத்தனை, மற்றவை எத்தனை என்று பிரித்தால் தெரிந்துவிடும். காலை எட்டேகாலுக்குத் தெருவில் சீறும் வண்டிகளில் பள்ளி வேன், வேலைக்குப் போகும் பைக், கூலியாட்களை ஏற்றிய ஜீப் என்று நம் ஊர் முகங்கள்தான் அதிகம். டூரிஸ்டுக்கு வழி தெரியாது, அதனால் தயங்கித்தான் ஓட்டுவார். நமக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், அதுதான் தைரியம்.

இதோடு ஒட்டிய இன்னொரு நினைப்பு, இ-பாஸ் வந்துவிட்டது, இனி பார்க்கிங் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நல்ல விஷயம்தான். ஆனால் அது மலை ஏறும் வண்டிகளின் கணக்கு. ஏறிய வண்டி எந்தத் தெருவில், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று அது கேட்பதில்லை. உள்ளூர் வண்டிக்கு அந்த உச்சவரம்பும் கிடையாது.

வேகத்தைக் கண்ணால் அளப்பது

"எல்லாரும் அறுபதுல போறாங்க" என்று மனுவில் எழுதினால் அதிகாரி சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வார். குறுகிய தெருவில், சுவரை ஒட்டி நிற்பவருக்கு முப்பத்தைந்தில் போகும் வண்டியும் அறுபதாகத்தான் தெரியும். அளந்துவிட்டுப் பேசலாம், பெரிய வேலை இல்லை. தெருவில் 50 மீட்டரை டேப் வைத்து அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வண்டி முதல் கோட்டைத் தொட்டதும் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, இரண்டாவது கோட்டில் நிறுத்துங்கள். 6 நொடி என்றால் 30 கிலோமீட்டர் வேகம். நாலரை நொடி என்றால் 40. 3.6 நொடிதான் என்றால் 50. நூறு வண்டியைக் குறித்துக்கொண்டு வேக வரிசையில் அடுக்கினால், கீழிருந்து எண்பத்தைந்தாவது வண்டியின் வேகம் எதுவோ அதைத்தான் போக்குவரத்துப் பொறியாளர்கள் அந்தத் தெருவின் நடைமுறை வேகமாக எடுத்துக்கொள்வார்கள். ஏற்றத்தில் வருபவரையும் இறக்கத்தில் வருபவரையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மலையில் இரண்டும் இரண்டு தெரு மாதிரி.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், ஈரமான இறக்கத்தில் 30-ல் வரும் கார், டிரைவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தி நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடிவிடும். 50-ல் வந்தால் 45 மீட்டருக்கு மேல். நம் தெருக்களில் 45 மீட்டர் நேராகப் பார்க்க முடிகிற இடம் எத்தனை இருக்கிறது? மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

மேடு போட்டால் போதும் என்று நினைப்பது

தெருவில் ஒரு விபத்து நடந்தால் அடுத்த வாரம் ஒரு வேகத்தடை முளைத்துவிடும். சில இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாக, வீடு கட்டி மிஞ்சிய சிமென்டில். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு என்னவென்றால், மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல வளைந்து ஏறி இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சாதாரணமாகக் கடந்துவிடலாம். நம் தெருவில் இருப்பதோ ஓரடி அகலத்தில் நிற்கும் ஒரு குட்டிச்சுவர். கார் அடிதட்டும், ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளிக்கு இடுப்பு ஒடியும். பைக்காரர் ஓரத்தில் விட்டிருக்கும் சந்து வழியாக அதே வேகத்தில் போய்விடுவார்.

மலையில் இதற்குக் கூடுதல் சிக்கல் உண்டு. இறக்கத்தின் நடுவில் மேடு வைத்தால், கீழே வரும் டூ வீலர் ஈரத்தில் முன் பிரேக்கைப் பிடித்துச் சறுக்கும். ஏறி வரும் காய்கறி லாரி மேட்டில் வேகம் இழந்து பின்னால் உருளும். மழைநீர் மேட்டில் முட்டி, ஓடைக்குப் போகாமல் பக்கத்து வீட்டு வாசலுக்குள் நுழையும். பெயின்ட் அடிக்காத மேடு பனியில் தெரியவே தெரியாது.

வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் இறக்கம் ஆரம்பிக்கும் முனை, சமதளமாக இருக்கும்போதே. அங்கே சாலையின் வாயைக் குறுக்கலாம், நடைபாதையை இரண்டு பக்கமும் கொஞ்சம் முன்னால் இழுக்கலாம், அல்லது மக்கள் கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தலாம். அப்புறம் ஒரு இடத்தை யாரும் கவனிப்பதில்லை: படிக்கட்டு. ஊட்டியிலும் குன்னூரிலும் மேல் தெருவையும் கீழ் தெருவையும் இணைப்பது படிகள்தான். பள்ளி விட்டதும் பிள்ளைகள் தடதடவென்று படி இறங்கி வருவார்கள். கடைசிப் படி பல இடங்களில் நேராக ரோட்டில்தான் முடியும். ஓரமாக நிற்க ஒரு அடி மேடை கிடையாது. மேலிருந்து வரும் டிரைவருக்கு அந்தப் படி தடுப்புச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு வார்டில் முதல் காசைச் செலவழிக்கச் சொன்னால், வேகத்தடையைவிடப் படி முடியும் இடத்தில் ஒரு சின்ன மேடையும் கம்பித் தடுப்பும் போடச் சொல்வேன்.

சாலையை அகலப்படுத்துவது

நெரிசல் என்றதும் அகலப்படுத்து என்கிறோம். குடியிருப்புச் சாலையை அகலப்படுத்தினால் வேகம் கூடும். அகலமான, வழவழப்பான தாரைப் பார்த்தால் கால் தானாக அழுத்தும், போர்டில் 30 என்று எழுதியிருந்தாலும் சரி. தெருவில் ஒரு பக்கம் நிற்கும் கார்களை அடியோடு அப்புறப்படுத்தினாலும் இதேதான் நடக்கும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக வழிவிட்டு, ஒரு பக்கம் மட்டும், அதுவும் கொஞ்ச தூரம் இடப்பக்கம், கொஞ்ச தூரம் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி நிறுத்த அனுமதித்தால், நிற்கும் கார்களே ஓடும் கார்களை மட்டுப்படுத்தும்.

மலையில் அகலப்படுத்துவது என்றால் சரிவைக் குடைவது என்று அர்த்தம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நாலு கார் நிறுத்துவதற்காக ஜேசிபியைக் கூப்பிடுகிறவர்கள் அந்த நவம்பரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

இடம் இல்லை என்று சொல்வது

டவுனில் இருப்பது இடப் பற்றாக்குறை என்பதைவிட, இருக்கும் இடம் காலையிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது என்பதே சரி. கடைக்காரர் ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கிறார். தன் காரைக் கடை வாசலிலேயே நிறுத்துகிறார். ராத்திரி ஒன்பதுக்குத்தான் எடுக்கிறார். பன்னிரண்டு மணி நேரம், ஒரு வண்டி. அதே இடத்தில் சராசரியாக முக்கால் மணி நேரம் நின்று போகிற வாடிக்கையாளர்கள் என்றால் 16 வண்டிக்கு இடம். பத்துக் கடைக்காரர்கள் தங்கள் காரைச் சற்றுத் தள்ளி நிறுத்தினால் 160 வண்டிக்கு வழி கிடைக்கும், ஒரு செங்கல் வைக்காமல். இதை வியாபாரிகள் கூட்டத்தில் சொன்னால் கோபப்படுவார்கள். "கஸ்டமருக்கு இடமில்ல" என்று அதிகம் புலம்புவதும் அவர்கள்தான்.

கட்டணம் வைக்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. நாள் முழுக்க ஒரே ரேட் என்று டோக்கன் கொடுப்பது. காசு கொடுத்தாயிற்று, இனி ஏன் எடுக்க வேண்டும் என்று வண்டி மாலை வரை அங்கேயே நிற்கும். முதல் அரை மணிக்குக் குறைவாக, போகப் போக மணிக்கு மணி ஏறுமுகமாக வைத்தால் மருந்து வாங்க வந்தவர் வாங்கிவிட்டுப் போவார், நாள் முழுக்க நிறுத்துகிறவர் தள்ளிப் போவார். கட்டணம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்னது: எந்நேரமும் ஏழெட்டு இடத்தில் ஒன்று காலியாக இருக்க வேண்டும். எல்லாம் நிரம்பியிருந்தால் கட்டணம் குறைவு, பாதி காலி என்றால் அதிகம். அந்த ஒரு காலி இடம் இருந்தால்தான் யாரும் சுற்றிச் சுற்றி வர மாட்டார்கள்.

லாட்ஜ், காட்டேஜ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளானில் தரைத்தளம் முழுக்கப் பார்க்கிங். கட்டி முடித்த பிறகு அங்கே நாலு கடை, இரண்டு ரூம். தங்க வருகிறவரின் கார் நம் தெருவில். புது இடம் தேடும் முன், அனுமதி வாங்கிய பிளானும் இன்றைய கட்டடமும் பொருந்துகின்றனவா என்று நகராட்சி பார்த்தாலே போதும்.

நடு ஊரில் அடுக்குமாடிப் பார்க்கிங்

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நெரிசல் இருக்கும் இடத்திலேயே முந்நூறு காருக்கு இடம் கட்டினால், அந்த முந்நூறு காரும் அதே நெரிசலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். வாசலில் டோக்கன் வாங்க நிற்கும் வரிசை ரோட்டில் நீளும். கட்டுவதற்குச் சமதளம் வேண்டும். ஊட்டியில் சமதளம் என்றால் பெரும்பாலும் பழைய நீர்ப்பிடிப்பு. ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஏரி இன்று இருப்பதைவிட மிகப் பெரியது. இப்போதைய பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் அந்த ஏரிப் பரப்பில் வந்தவைதான். கனமழைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கேட்பவர்கள், அங்கேயே மேலும் கான்கிரீட் கேட்கக் கூடாது.

ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு உள்ளே பஸ்ஸில் வருவது நல்ல யோசனை. சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றுலா இடங்களுக்குச் சுற்றுப் பேருந்து விடுகிறது. தவறு எங்கே நடக்கிறதென்றால், பார்க்கிங் மைதானத்தைத் திறந்துவிட்டுப் பஸ்ஸை அரை மணிக்கு ஒன்று விடுவதில். கைக்குழந்தையோடு, குளிரில், மழையில் யார் நிற்பார்கள்? பத்து நிமிடத்துக்கு ஒன்று, கூரை போட்ட நிறுத்தம், கழிப்பறை, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு. இவை இல்லாவிட்டால் மைதானம் காலியாகவும் கமர்ஷியல் ரோடு நிரம்பியும்தான் இருக்கும்.

ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு

ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. குறுகிய இடத்தில் இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்காதீர்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட்டு, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தும்போது முன்சக்கரத்தை ஓரத்துப் பக்கம் திருப்பி வையுங்கள். சக்கரத்துக்குக் கல் வைப்பது நம் ஊர்ப் பழக்கம், நல்லதுதான். வண்டியை எடுக்கும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இருட்டில், பனியில், அடுத்து வரும் பைக்குக்கு அதைவிட மோசமான வேகத்தடை கிடையாது. ஓடையை மூடிய சிலாப் மேல் இரண்டு சக்கரத்தை ஏற்றி நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள். அது நடப்பதற்குப் போட்டது, ஒன்றரை டன் தாங்காது.

மனுவைத் தவறான மேஜையில் கொடுப்பது

தெரு யாருடையது என்று முதலில் கேளுங்கள். உள் தெரு நகராட்சியுடையது. சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. குன்னூர், ஊட்டி வழியாகக் கூடலூர் போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை; அங்கே வேகத்தடை கேட்டால் கிடைக்காது. வேக வரம்பு, ஒருவழிப்பாதை, நோ பார்க்கிங் போன்றவற்றுக்கு ஆட்சியரும் போக்குவரத்துப் போலீஸும் சேர வேண்டும். ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. உங்கள் நூறு வண்டிக் கணக்கு, படி முடியும் இடத்தின் போட்டோ, காலை எட்டு மணி நம்பர் பிளேட் பட்டியல் மூன்றையும் இணைத்து அங்கே கொடுங்கள். எதைச் செய்து தந்தாலும், ஒரு மாதம் கழித்து அதே இடத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி அளந்து அந்தத் தாளையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.