மலிவுக் கடையில் பொடி எழுத்தைப் படியுங்கள்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லா விலையையும் ஊர்க்காசாக மாற்றிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் கடையில் உள்ள அத்தனையும் அநியாய விலையாகத் தெரியும். எது மலிவு என்பது மட்டும் தெரியாது. சம்பளம் எந்தக் காசில் வருகிறதோ அந்தக் காசிலேயே கணக்குப் பாருங்கள்.

அலமாரித் தட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில், பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். ஒரு கிலோவுக்கோ லிட்டருக்கோ 100 கிராமுக்கோ என்ன விலை என்று அது சொல்லும். பல நாடுகளில் இதைப் போடுவது கட்டாயம். இல்லாத இடத்தில் போன் கால்குலேட்டரில் விலையை எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் பொட்டலம் 4 என்றால் கிலோ 10. 750 கிராம் 6.60 என்றால் கிலோ 8.80. ஆனால் பெரிய பொட்டலம்தான் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். சின்னதுக்குத் தள்ளுபடி போடும் வாரத்தில் கணக்கு தலைகீழாகும். பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகளில் ஒன்று 100 கிராமுக்கும் மற்றது கிலோவுக்கும் இருக்கலாம், அதையும் கவனியுங்கள். பவுண்டுக் கணக்கு ஓடும் நாட்டில் 1 பவுண்டு என்பது 454 கிராம். டின்னில் அடைத்த பயறு, கடலைக்கு மொத்த எடையை நம்ப வேண்டாம்: 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம்தான் தேறும்.

மலிவுக் கடைகள் விலையைக் குறைப்பதில் மாயம் இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பல்லாயிரம் வகைப் பொருள்கள் இருக்கும். இங்கே ஒன்றிரண்டு ஆயிரம்தான். சரக்கை அட்டைப்பெட்டியோடு அப்படியே அடுக்குவார்கள், ஆளும் குறைவு. பெரும்பாலானவை கடையின் சொந்த பிராண்ட். உப்பு, சர்க்கரை, மாவு, எண்ணெய், பால் இவற்றில் சொந்த பிராண்டை யோசிக்காமல் எடுக்கலாம். சோப்புத்தூள், காப்பி போன்றவற்றில் சின்னப் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகை குறைவு என்பதால் பட்டியலில் உள்ள எல்லாம் கிடைக்காது. முதலில் இங்கே வாங்குங்கள், விடுபட்டதற்கு மட்டும் அடுத்த கடைக்குப் போங்கள். வரிசை மாறினால் விலை கூடிய கடையிலேயே கூடை நிறைந்துவிடும்.

உணவல்லாத சாமான்கள் குவிந்திருக்கும் நடுவரிசை ஒன்று இருக்கும். உணவில் மிச்சம் பிடித்ததை அதிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய.

பை கொண்டுபோங்கள். பல இடங்களில் தள்ளுவண்டியை விடுவிக்க நாணயம் போட வேண்டும், வண்டியைத் திரும்பப் பூட்டினால் அது கையில் வரும். காசாளர் படுவேகமாக ஸ்கேன் செய்வார். அங்கேயே பையில் அடுக்கப் பார்த்தால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். பொருளை வண்டியில் தள்ளிக்கொண்டு, தள்ளிப் போய் நிதானமாக அடுக்குங்கள். காசாளர் முன் ஓடும் பெல்ட்டில் கனமானதை முதலில் வைத்தால் முட்டை நசுங்காது.

விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டிய பொருளில் தேதியின் வகையைப் பாருங்கள். 'இதற்கு முன் சிறந்தது' (Best before) என்பது தரத்துக்கான தேதி. அது தாண்டிய பிஸ்கட் கொஞ்சம் மொறுமொறுப்புக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக' (Use by) என்பது பாதுகாப்புக்கானது. இறைச்சி, மீனில் அந்தத் தேதியைத் தாண்டவே கூடாது. அன்றே சமைக்காவிட்டால் தேதி முடிவதற்குள் ஒரு வேளை அளவாகப் பிரித்து, பையைத் தட்டையாக்கி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இளக வைப்பதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள், சமையல் மேடையில் வேண்டாம்.

அரிசி, மாவை மூட்டையாக வாங்கினால் பூச்சிதான் எதிரி. மாவை நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக் கட்டிபிடிக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு காற்றுப்புகாத டப்பாவில் கொட்டுங்கள்.

பில்லைக் கடைக்குள்ளேயே சரிபாருங்கள். தள்ளுபடி விலை கணினியில் ஏறாமல் பழைய விலையே விழுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சீட்டில் இருந்த விலையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால், மொழி தடுமாறினாலும் படத்தைக் காட்டிக் காசைத் திரும்ப வாங்கிவிடலாம்.