இளம் வைத்தியர்களை நாட்டிலேயே தக்கவைப்பது எப்படி: இலங்கையின் வைத்தியசாலை நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

இளம் வைத்தியர் ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது, காரணம் சம்பளம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. சம்பளம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயம் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டி வீழ்ந்தது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வருமான வரி, மாதம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்தின் மீது 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை ஏறியது. இரவு விழித்துச் சேர்த்த மேலதிக நேரக் கொடுப்பனவிலும் அந்த வரி விழுந்தது. ஆனால் அதே சம்பளத்தை வாங்கி, அதே வரியைக் கட்டி, நாட்டில் தங்கியவர்களே பெரும்பாலானோர். ஒரே ஆண்டில் பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் ஏன் போனார், மற்றவர் ஏன் இருக்கிறார் என்பதே நிர்வாகி கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடையில் பெரும் பகுதி, அமைச்சின் அனுமதிக்காகக் காத்திராமல் ஆதார வைத்தியசாலை அத்தியட்சகரோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரோ தாமே மாற்றக்கூடிய விடயங்களில் இருக்கிறது. அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முடிவு எந்தக் கட்டத்தில் எடுக்கப்படுகிறது என்று அறியுங்கள்

இலங்கையில் ஐந்து ஆண்டு மருத்துவப் படிப்பை முடித்தவர் உள்ளகப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். ஓராண்டுப் பயிற்சி முடிந்ததும், அடுத்த நியமனத்துக்காக மீண்டும் காத்திருக்கிறார். நியமனம் கிடைத்த பின், பட்டப்பின் படிப்புத் தேர்வுக்காக இன்னொரு காத்திருப்புத் தொடங்குகிறது. இந்த இடைவெளிகளில்தான் பிரித்தானியாவுக்கான பிளாப் தேர்வின் 180 வினாக்களுக்கும், அவுஸ்திரேலிய மருத்துவ சபையின் தேர்வுக்கும், ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்கும் ஆயத்தம் நடக்கிறது. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பட்டதாரியிடம், எந்தத் திகதியில் பரீட்சை, எப்போது பெறுபேறு, அதன் பின் என்ன என்று வெளிநாட்டு மருத்துவச் சபைகள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. சொந்த நாட்டு அமைப்பு அவருக்கு எதையும் சொல்வதில்லை.

இலங்கை மருத்துவ சபையிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு ஒருவர் விண்ணப்பிக்கும் கட்டத்தில் அவரைத் தடுக்க முயல்வது பயனற்றது. அவர் மனதளவில் ஏற்கெனவே போய்விட்டார். ஆகவே புதிய வைத்தியர் கடமையேற்ற முதல் மூன்று மாதங்களுக்குள், அவரைப் பற்றி இரகசிய அறிக்கை எழுதும் பொறுப்பில் இல்லாத ஒரு மூத்த நிபுணர் அவருடன் தனியே அமர்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். ஐந்து ஆண்டில் எங்கே இருக்க விரும்புகிறார், எந்தத் துறையில் சிறப்புப் பயிற்சி பெற நினைக்கிறார், வாழ்க்கைத்துணை எங்கே வேலை செய்கிறார் என்ற மூன்றையும் கேட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும். போகப் போவதாக அவர் சொன்னாலும், அதற்காக எந்தத் தண்டனையும் வராது என்பதை அவர் நம்ப வேண்டும்.

விலகியவர்களின் பதிவேடு ஒன்றையும் வைத்திருங்கள். பல வைத்தியசாலைகளில் எஞ்சியிருப்பது, கடமைக்கு வராதவர் பதவியைக் கைவிட்டதாகக் கொள்ளும் பதவி வெறிதாக்கல் அறிவித்தலின் பிரதி மட்டுமே. அந்தத் தாளில், கடமைக்குச் சமுகமளிக்காத திகதி இருக்கும். எந்த நோயாளர் விடுதியில் (வார்டில்), எத்தனை மாதச் சேவைக்குப் பின், எந்த இடமாற்ற விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பின் போனார் என்பது இருக்காது. இவற்றையும் சேர்த்து எழுதிவந்தால், ஒரே விடுதியிலிருந்தோ ஒரே காலகட்டத்திலோ ஆட்கள் கழன்றுகொண்டிருப்பது விரைவில் புலப்படும்.

பதிலாள் வரும்வரை என்ற வாசகத்தைக் கைவிடுங்கள்

நான் கேட்ட மனக்குறைகளில் மிக ஆழமானது இதுதான். கஷ்டப் பிரதேசத்தில் குறித்த காலத்தை முடித்தவருக்கு வருடாந்த இடமாற்றப் பட்டியலில் இடம் கிடைக்கிறது. கடிதமும் வருகிறது. அதன் அடியில், பதிலாள் கடமையேற்கும்வரை விடுவிக்க இயலாது என்று நிர்வாகம் குறிப்பெழுதுகிறது. பதிலாளாக நியமிக்கப்பட்டவர் வரவில்லை, அல்லது அவரும் வெளிநாடு போய்விட்டார். முதலாமவரோ மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறார். அவருடைய கணவர் வேறு மாவட்டத்தில், குழந்தை தாத்தா பாட்டியின் வீட்டில். நேர்மையாகத் தன் கடமையை முடித்ததற்குக் கிடைத்த பலன் இது என்று அவர் முடிவுசெய்தால், அந்த முடிவை யாராலும் குறைசொல்ல முடியாது.

ஒரு வெற்றிடத்தை நிரப்ப இன்னொருவரைப் பிடித்துவைப்பதால் வைத்தியசாலைக்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. நாட்டுக்கு ஒரு வைத்தியர் இல்லாமற்போகிறார். விடுவிப்புத் திகதியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்தத் திகதிக்கு மூன்று மாதம் முன்பே அயல் வைத்தியசாலைகளுடன் பேசி, முறைவைத்து ஆட்களை அனுப்பும் தற்காலிக ஏற்பாட்டைச் செய்யுங்கள். அதற்கும் வழியில்லையெனில் ஒரு சேவையைச் சில வாரங்கள் சுருக்குவது, கொடுத்த வாக்கை மீறுவதை விட மேல். மாகாண மட்டத்தில் இன்னொன்றும் செய்யலாம்: தம்பதியர் இருவரும் வைத்தியராகவோ அரச ஊழியராகவோ இருந்தால் அவர்களது விண்ணப்பங்களை ஒரே கோப்பில் வைத்து முடிவெடுக்கலாம்.

கடமைப் பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

உள்ளகப் பயிற்சி வைத்தியர்களின் ஒரு மாதக் கடமைப் பட்டியலை எடுத்து, யார் எத்தனை மணிநேரம் தொடர்ச்சியாக விழித்திருந்தார் என்று நீங்களே பென்சிலால் குறியுங்கள். புதிய நோயாளர்களை விடுதியில் அனுமதிக்கும் நாளின் காலையில் தொடங்கியவர் அன்றிரவு முழுவதும் புதிய நோயாளர்களைப் பார்த்து, மறுநாள் விடுதிச் சுற்றுக்கு நின்று, பிற்பகலில் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து, மாலையில்தான் அறைக்குப் போகிறார் என்பது பட்டியலில் நேரடியாகத் தெரியாது, கணக்கிட்டால்தான் தெரியும். அயர்லாந்தில் 2013 ஒக்டோபரில் இளநிலை வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். ஒரே மூச்சில் 24 மணிநேரத்துக்கு மேல் கடமை கூடாது என்பதே அவர்களது கோரிக்கை. வசதியான நாட்டிலும் சம்பளத்துக்கு முன்பு தூக்கம் தெருவுக்கு வந்தது.

ஆளணியைக் கூட்ட உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வைத்தியர் செய்யத் தேவையில்லாத வேலைகளை அவர் தலையிலிருந்து இறக்க அதிகாரம் உண்டு. இரத்த மாதிரியை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்வது, ஸ்கேன் திகதிக்காக இன்னொரு வைத்தியசாலையைத் தொலைபேசியில் துரத்துவது, ஒரே விபரத்தை மூன்று படிவங்களில் எழுதுவது ஆகியவை இரவின் கணிசமான பகுதியைத் தின்றுவிடுகின்றன. இவற்றைப் பகிர்ந்துகொள்ளத் தாதிய, சிற்றூழியர் தரப்புடன் அவர்களது சங்கங்களையும் அழைத்துப் பேசியே தீர்மானியுங்கள். வைத்தியர்களின் இடையூறு, தயார்நிலை, போக்குவரத்துக் கொடுப்பனவை 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக உயர்த்த 2024 ஜனவரியில் தீர்மானித்தபோது, ஏனைய சுகாதார ஊழியர்கள் தமக்கும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு தரப்பைத் தக்கவைக்க எடுக்கும் எந்த நடவடிக்கையும் விடுதியில் பக்கத்தில் நிற்பவரின் கண்ணில் நியாயமாகத் தெரிய வேண்டும்.

வைத்தியர்களின் தங்குமிடத்தையும் ஒருமுறை இரவில் போய்ப் பாருங்கள். பூட்டு வேலைசெய்கிறதா, குளியலறையில் தண்ணீர் வருகிறதா, இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட ஏதாவது கிடைக்கிறதா, இணைய இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக வந்து தங்கும் பெண் வைத்தியர்களுக்குப் பூட்டும் வழிவிளக்கும் எல்லாவற்றிலும் முதலாவது. இவற்றுக்கு ஆகும் செலவு சிறியது, தாமதத்துக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

கற்றுக்கொடுக்கும் இடமாக மாற்றுங்கள்

இதைத்தான் எல்லாவற்றிலும் அதிகமாக வலியுறுத்த விரும்புகிறேன். வெளிநாடு போகும் இளம் வைத்தியர்களில் பலர் தேடிப்போவது, தாம் ஒரு துறையில் தேர்ந்தவராகும் பாதையை. அந்தப் பாதை உள்நாட்டில் கண்ணுக்குத் தெரிந்தால் கணக்கு மாறுகிறது என்பதற்குக் கானா நல்ல சான்று. மகப்பேற்று மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சிக்கு அந்நாடு நெடுங்காலம் பிரித்தானியாவுக்கு ஆட்களை அனுப்பியது. திரும்பியவர்கள் மிகச் சிலரே. 1989இல் அக்ராவிலும் குமாசியிலும் உள்ள பல்கலைக்கழகங்களில், அமெரிக்க, பிரித்தானிய நிபுணர்களின் துணையுடன் உள்நாட்டுப் பயிற்சி தொடங்கப்பட்டது. அதில் தேறிய நிபுணர்கள் ஏறக்குறைய எல்லோரும் நாட்டிலேயே தங்கினார்கள். சம்பளம் பிரித்தானிய அளவுக்கு உயராத நிலையிலேயே இது நடந்தது. 2003இல் அந்நாடு தனக்கென மருத்துவ, அறுவை நிபுணர் கல்லூரியையும் நிறுவிக்கொண்டது.

இலங்கைக்கு இந்த வசதி கையிலேயே இருக்கிறது. கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் பல பத்தாண்டுகளாக நிபுணர்களை உருவாக்கிவருகிறது. சிக்கல் என்னவெனில், பெரும்பாலான துறைகளில் இறுதிச் சான்று பெறுவதற்கு முன் வெளிநாட்டில் பயிற்சிக் காலம் ஒன்றை முடிக்க வேண்டும். முப்பதுகளின் நடுவில், சிறு பிள்ளைகளுடன் போகும் ஒருவர் அங்கே பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்துவிட்ட பின் திரும்புவது கடினமாகிறது. வெளிநாட்டுப் பயிற்சியை ஒழிக்க நான் சொல்லவில்லை. புதிய சிகிச்சை முறைகள் நாட்டுக்குள் வந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் போகும் முன்பே, திரும்பி வந்து எந்த வைத்தியசாலையில், எந்தக் கருவிகளுடன் பணியாற்றப் போகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அங்கே ஆண்டு முழுதும் சிறு துளைவழி (லப்பரஸ்கோபி) அறுவைச் சிகிச்சை கற்றவர், இங்கே அதற்கான கருவி இல்லாத அறைக்குத் திரும்பினால் எத்தனை மாதம் பொறுப்பார்? அவரது வருகைத் திகதியை வைத்தே கொள்வனவுக் கோப்பை நகர்த்துங்கள்.

ஆதார வைத்தியசாலை மட்டத்தில் செய்யக்கூடியது எளியது. வாரத்தில் ஒரு பிற்பகலைக் கற்பித்தலுக்கென ஒதுக்கி, அந்நேரத்தில் விடுதியை வேறொருவர் பார்த்துக்கொள்ளும்படி செய்யுங்கள். பட்டப்பின் தேர்வு எழுதுவோருக்குப் படிப்பு விடுமுறையை முறைவைத்து, எல்லோருக்கும் தெரியும்படி வழங்குங்கள். தவறு நேர்ந்தபோது நோயாளரின் உறவினர் முன்னிலையில் இளையவரைக் கடிந்துகொள்ளும் நிபுணர் இருந்தால், அவரிடம் நேராகப் பேசுங்கள். அவமானப்பட்டுப் போனவர்கள் திரும்புவதில்லை.

பிணைப் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம்

இலவசக் கல்வியில் படித்தவரைக் கட்டாயச் சேவையில் வைக்க வேண்டும் என்ற குரல் அடிக்கடி எழுகிறது. மக்களின் வரிப்பணத்தில் படித்தவருக்குக் கடமை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தாய்லாந்து 1972 முதல் மூன்றாண்டுக் கட்டாயச் சேவையையும், மீறினால் 4 இலட்சம் பாத் வரையான அபராதத்தையும் நடைமுறைப்படுத்திப் பார்த்தது. தனியார் வைத்தியசாலைகள் பெருகிய காலத்தில் அபராதத்தைச் செலுத்திவிட்டு வெளியேறியவர்கள் அங்கே பலர். பின்னர் 1990களின் நடுவில், கிராமப்புற மாணவர்களைத் தனியாகத் தெரிந்து, மாகாண வைத்தியசாலைகளிலேயே பயிற்றுவிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறந்த ஊரின் பக்கத்தில் படித்தவர் அங்கேயே தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2010, 2021 பரிந்துரைகளும் சொல்கின்றன.

தமிழ்நாட்டில் இதன் மறுபக்கம் நடைமுறையில் இருக்கிறது. பட்டமேற்படிப்பு இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணியில் உள்ள வைத்தியர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அத்தகைய ஒதுக்கீட்டைச் செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழித்த ஆண்டுகள் சிறப்புப் பயிற்சிக்கு ஏணியாகும்போது, கிராமத்துக்குப் போவது தண்டனையாகத் தெரிவதில்லை. கிளிநொச்சியிலோ மொனராகலையிலோ சேவை செய்த காலத்துக்குத் பட்டப்பின் படிப்புத் தேர்வில் உரிய எடை கொடுக்கும்படி பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தையும் சுகாதார அமைச்சையும் மாகாணங்கள் தொடர்ந்து கேட்க வேண்டும்.

போனவர்களுடன் தொடர்பை அறுக்காதீர்கள்

போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் எத்தனை வைத்தியர்களை இழந்தன என்பதை அங்குள்ளவர்கள் அறிவார்கள். அவர்களில் பலர் இன்று இலண்டனிலும் டொரோண்டோவிலும் சிட்னியிலும் மூத்த நிபுணர்கள். விடுமுறைக்கு வந்து ஒரு வாரம் இலவச முகாம் நடத்துவதை விட, இங்குள்ள இளம் வைத்தியர்களுடன் ஆண்டு முழுதும் இணையவழியில் நோயாளர் விபரங்களை ஆராய்ந்து கற்பிக்கும்படி அவர்களைக் கேளுங்கள்.

புதிதாகப் போனவர்களின் நிலையும் மாறிவருகிறது. பிரித்தானியா 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தில், சிறப்புப் பயிற்சி இடங்களுக்குத் தன் நாட்டுப் பட்டதாரிகளுக்கும், அங்கே கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை தரப்போவதாக அறிவித்திருக்கிறது. பிளாப் தேறியும் பணியிடம் கிடைக்காமல் இருப்போருக்கு, திரும்பினால் மதிப்பிழக்காமல் சேர வழி உண்டா என்பது முக்கியமான கேள்வி. 2022 ஜூனில் வெளியான சுற்றறிக்கையின்படி, அரச ஊழியர்கள் சேவை மூப்பு பாதிக்காமல் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல முடிந்தது. அவ்வாறு முதலில் போனவர்களின் விடுமுறை 2027இல் முடியத் தொடங்கும். அவர்களின் பெயர்ப்பட்டியலை இப்போதே எடுங்கள். அங்கே என்ன பயிற்சி பெற்றார்கள், எந்த மாவட்டத்துக்கு வர இயலும், பிள்ளைகளின் பாடசாலை அனுமதிக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டு, அத்தியட்சகர் தம் கையொப்பத்துடன் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுங்கள். பதில் வந்த ஒரு வாரத்துக்குள் மறுபதில் போக வேண்டும். அதற்குப் பொறுப்பான அலுவலரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கடிதத்திலேயே இருக்கட்டும்.