பெரிய மனிதர்களை உட்கார வைத்து நீளமாகப் பேட்டி எடுப்பது எப்படி: ஒரு காரைக்குடிக்காரனின் குறிப்புகள்

முதல் பேட்டியைக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வைத்து எடுத்தேன். வந்தவர் வெளியுறவுத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த வழவழச் சுவர். படத்தில் அரண்மனை மாதிரி இருந்தது. ராத்திரி ஹெட்போனை மாட்டிக் கேட்டால் மனிதர் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறார். கல்லிலும் சுவரிலும் முட்டித் திரும்பிய எதிரொலியில் இரண்டு மணி நேரமும் பாழ். அதற்கப்புறம் மெத்தையும் ஜமக்காளமும் அடுக்கிய உள்ளறையில்தான் எடுக்கிறேன். "வளவு இவ்வளவு லட்சணமா இருக்க, மூட்டை அறையிலயா பெரிய மனுசரை உட்கார வைப்பே?" என்று வீட்டு ஆச்சிக்கு இன்னும் வருத்தம்.

தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் நாலு தெரு தள்ளி ஒலிபெருக்கி கட்டினாலும் உங்கள் மைக்கில் நாதஸ்வரம் ஏறிவிடும். ஆடி மாதத்தை மறந்தே விடுங்கள். மயில் அகவுவதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கருவி விஷயம் இவ்வளவு போதும். அது கெட்டால் மறுபடி எடுக்கலாம். கேள்வி கெட்டுப் போவதுதான் பெரிய நஷ்டம்.

அமைச்சரோ, முன்னாள் தூதரோ, பொருளாதார நிபுணரோ, வந்து உட்காரும்போதே நூறு மேடையில் சொல்லிப் பழகிய பதில் ஒன்று அவர் வாயில் தயாராக இருக்கும். "இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் கேசட்டைப் போட்டுவிடுவார். அதில் தப்பு அவருடையது இல்லை, நம்முடையது. கேசட்டில் பதில் இல்லாத கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அப்படிப்பட்ட கேள்வியில் பெரும்பாலும் ஒரு தேதியோ, ஒரு தாளோ, ஒரு எண்ணோ இருக்கும்.

உக்ரைன் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவு, 5 நாடுகள் எதிர்ப்பு; 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. அந்த 35-ல் இந்தியா, சீனா, பாகிஸ்தான், இலங்கை எல்லாம் உண்டு. ஒரு முன்னாள் அதிகாரியிடம் நான் கேட்டது இதுதான்: "இப்படி ஒரு ஓட்டுக்கு டெல்லியிலிருந்து எத்தனை மணிக்குச் சொல்லி அனுப்புவார்கள்? தொலைபேசியிலா, எழுத்திலா? நீங்கள் இருந்த காலத்தில் எப்படி?" நடுநிலை, தேசநலன் என்ற வார்த்தைகளை அவர் எடுக்கவே இல்லை. ஓட்டுப் போடும் பலகைக்கு முன்னால் உட்காரும் ஆளின் வயிற்றுக் கலக்கத்திலிருந்து ஆரம்பித்து நாற்பது நிமிஷம் பேசினார்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. இங்கே உலக அரசியல் பர்மாவிலிருந்து வந்த வீட்டுத் தூணிலும் கவுனி அரிசியிலும் இருக்கிறது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போன நம் செட்டியார்கள் பர்மாவின் ரங்கூனில் மொகல் தெருவில் கிட்டங்கி (தொழில் நடத்தித் தங்கும் இடம்) வைத்திருந்தார்கள். 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. சில வருஷத்துக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-ல் நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் வந்தது. ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியில் 1964-ல் கடைகளும் போயின.

மியான்மர் தெரிந்த ஒருவர் வந்தபோது, "உறவு எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்கவில்லை. "1948-லும் 1964-லும் டெல்லி ரங்கூனிடம் என்ன கேட்டது? எழுத்தில் கேட்டதா?" என்றேன். நன்றாகப் போனது. அதோடு விட்டிருந்தால் ஊரே கைதட்டியிருக்கும். ஆனால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறதே: "நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு நாம் எப்படித் தெரிந்திருப்போம்?" அதையும் கேட்டேன். நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆச்சியின் முகம் மாறியது. விருந்தாளி போன பிறகு, "எங்க அப்பச்சி அங்கே பட்ட பாட்டையும் கேட்டிருக்கலாம்ல தம்பி" என்றார். நியாயம்தான். அதற்காக அந்தக் கேள்வியை நான் வெட்டவில்லை. ஊராருக்கு வலிக்கும் கேள்வியைத் தவிர்ப்பவர், கட்சிக்காரருக்கு வலிக்கும் கேள்வியை மட்டும் கேட்டால் வந்தவருக்கு உடனே தெரிந்துவிடும். உங்களை ஒரு பக்கத்து ஆளாக எடைபோட்டு, அப்புறம் அளந்துதான் பேசுவார்.

வீட்டுப்பாடத்துக்குக் குறைந்தது பத்து நாள் ஒதுக்குங்கள். நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் பழைய விவாதங்கள் கிடைக்கின்றன, வருபவர் எம்.பி.யாக இருந்திருந்தால் அவர் பேசியதை அவருக்கே வாசித்துக் காட்டலாம். தேர்தலில் நின்றவர் என்றால் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். பழைய பத்திரிகை வேண்டுமானால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வீட்டில் சேர்த்து வைத்ததில் தொடங்கிய நூலகம் அது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை.

இதைச் செய்யாமல் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. கச்சத்தீவு பற்றிப் பேசும்போது, "74 ஒப்பந்தத்திலேயே நம்ம மீனவர் அங்கே மீன் பிடிக்கக் கூடாதுன்னு எழுதியாச்சு" என்றார் வந்தவர். நானும் தலையாட்டினேன். உண்மையில் 1974 ஒப்பந்தம் கடல் எல்லையைப் போட்டு, நம் மீனவர்களும் அந்தோணியார் கோயில் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்று சொன்னது. ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச்சில் இரு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களில் வந்தது. வெளியிட்ட மறுநாள் காலையில் தொண்டியிலிருந்து ஒருவர் போன் போட்டார். "தம்பி, நீங்க அதைப் படிச்சீங்களா?" படிக்கவில்லை. இப்போதெல்லாம் ஒப்பந்தம் பற்றிய பேச்சு என்றால் ஒப்பந்தத்தையே அச்செடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், எப்படிக் கூப்பிடுவது? சின்ன விஷயம் இல்லை. மைக் ஓடாதபோது அண்ணே, ஐயா, எது பழக்கமோ அது. ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் எனக்கு 'சார்' அல்லது 'மேடம்'. "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டு "நீங்க கட்சி மாறினதுக்கு என்ன காரணம்?" என்று கேட்க நாக்கு எழாது.

பதிலில் நழுவினால்? 1997-ல் பிபிசியில் பேட்டியாளர் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் திருப்பிக் கேட்டார். பார்க்க விறுவிறுப்புதான். நம் ஊர்த் திண்ணையில் அதைச் செய்தால் ஐந்தாவது தடவை துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். நான் மூன்று முறை, மூன்று விதமாகக் கேட்பேன். மூன்றாவதிலும் நழுவினால், "இதுக்குப் பதில் சொல்ல விரும்பலைன்னு எடுத்துக்கலாமா, சார்?" அவ்வளவுதான். 'ஆமா' என்பதும் பதில்தானே.

அதைவிட வேலை செய்வது சும்மா இருப்பது. அவர் முடித்த பிறகு ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம் வாயைத் திறக்காதீர்கள். கேசட் முடிந்த இடத்தில் மனிதர் பேச ஆரம்பிப்பார். 1972-ல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபலாச்சி, அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரிடம் அவருக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது என்று துருவினார். குதிரையில் தனியாக முன்னே போகும் கௌபாயோடு தன்னை ஒப்பிட்டுப் பேசிவிட்டார் மனிதர். பத்திரிகையாளர்களோடு தான் நடத்திய பேச்சுகளிலேயே படுமோசமானது அதுதான் என்று பின்னால் வருத்தப்பட்டார்.

பி.ஏ.க்கள் கேள்விகளை முன்கூட்டியே கேட்பார்கள். தலைப்புகளை மட்டும் கொடுங்கள்: இலங்கை, மீனவர், ஜி.எஸ்.டி. என்று. "வெளியிடறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு தடவை காட்டுங்க" என்றால், தகவல் பிழை இருந்தால் திருத்துவேன், கருத்தை வெட்ட மாட்டேன் என்று முதல் நாளே வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

சாப்பாடு எப்போதும் பேட்டிக்குப் பிறகு. ஒரு முறை கோழிக் குழம்பும் கவுனி அரிசியும் போட்டுவிட்டு உட்கார வைத்தேன். பண வீக்கம் பற்றிய பகுதியில் ஏப்பம் மட்டும் பதினொன்று. முன்னால் இரண்டு வெள்ளைப் பணியாரம், காப்பி, போதும்.

ரெக்கார்டரை அணைத்த பிறகு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வதுதான் பல நேரம் உருப்படியான விஷயமாக இருக்கும். "இதை மைக்கில் சொல்லலாமா, சார்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஜாடையாகக்கூட எழுத வேண்டாம். ஆறு மாதம் கழித்து அவரே கூப்பிட்டதும் உண்டு, கூப்பிடாததும் உண்டு. வந்தவரை விடிகாலை சென்னைக்குப் போகும் பல்லவன் ரயிலுக்கு அனுப்பும் முன், அன்று ராத்திரியே முழுப் பதிவையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். காதில் சரியாக விழாத பெயர், சந்தேகமான வருஷம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டால் ஸ்டேஷன் போகும் வழியில் காரிலேயே கேட்டுச் சரிபார்த்துவிடலாம்.