போக்கிமான் கேமை உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? நீங்களே பார்த்து முடிவெடுக்கும் விதம்

ஆகஸ்ட் லீவுக்கு லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் திருகோணமலைக்கு வந்தால், சொக்லேட்டோடு சில வீடுகளுக்கு ஒரு நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் விளையாடும் கருவியும் வந்து இறங்குகிறது. கூடவே, போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து மோதவிடும் ஒரு கேம். பிள்ளை துள்ளுகிறது, அம்மா அப்பாவுக்கு மட்டும் இது நல்லதா கெட்டதா என்று பிடிபடுவதில்லை. கேம் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு பின்னேரத்தில் பார்த்து முடிவுக்கு வரலாம்.

படி 1: பெட்டியைப் பாருங்கள்

ஐரோப்பாவில் வாங்கியதென்றால் பெட்டியில் 3, 7, 12, 16, 18 என்று ஏதாவது ஒரு வயது எண் இருக்கும். 2022 இல் வந்த போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் இரண்டுக்கும் 7. கனடாவில் வாங்கியதில் எண்ணுக்குப் பதிலாக 'ஈ' என்ற ஆங்கில எழுத்து. எல்லோருக்கும் ஏற்றது என்று பொருள். வன்முறை, பயம், சூது போன்றவற்றைப் பார்த்துத்தான் இதைப் போடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அதை விளையாட வருமா என்பது வேறு கேள்வி.

படி 2: வாசிக்க முடிகிறதா?

என்னைக் கேட்டால் முக்கியமான சோதனை இதுதான். இந்தக் கேமில் வருபவர்கள் வாய் திறந்து பேசுவதில்லை. கதை, வழி, எச்சரிக்கை எல்லாம் எழுத்தில்தான் வரும். மொழித் தெரிவில் தமிழ் இல்லை, நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் விளையாட வேண்டும்.

முதல் அரை மணி நேரம் பக்கத்தில் இருங்கள். யாராவது பேசி முடித்ததும், "இப்ப அவர் என்ன செய்யச் சொன்னவர்?" என்று கேளுங்கள். பதில் அரைகுறையாக வந்தாலும் பரவாயில்லை. ஒரே பொத்தானைத் தட்டித் தட்டித் தாண்டிக்கொண்டே போனால், கொஞ்ச நேரத்தில் வழி தெரியாமல் நின்று எரிச்சல்படப் போகிறது. தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயது தோதாக இருக்கும் என்பது என் கணிப்பு. அதற்குச் சின்னவர் என்றால் 2018 இல் வந்த 'லெட்ஸ் கோ' வகை பரவாயில்லை. அதில் காட்டில் திரியும் போக்கிமானோடு பெரும்பாலும் சண்டை போடத் தேவையில்லை, பந்தை எறிந்து பிடித்தால் போதும். இன்னொருவரும் சேர்ந்து விளையாடலாம்.

படி 3: சண்டையைப் பாருங்கள்

"பிடித்து அடைத்துவைத்துச் சண்டைக்கு விடுறது கோழிச்சண்டை மாதிரித்தானே?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த ஆசையிலிருந்து பிறந்த விளையாட்டு இது. முதல் கேம் ஜப்பானில் வந்தது 1996 இல். சண்டையில் தோற்கும் போக்கிமான் மயங்கி விழும், இரத்தம் இல்லை. மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனால் காசில்லாமல் குணமாகும். தண்ணீர் வகைப் போக்கிமான் நெருப்பு வகையை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் தண்ணீரை வெல்லும் என்ற கணக்கில்தான் ஆட்டமே ஓடுகிறது.

போக்கிமான்களை அடக்கி வைத்திருப்பது சரியா என்ற கேள்வியை 2010 இல் வந்த பிளாக், வைட் கேம்களின் கதையே எழுப்புகிறது. பிள்ளையோடு கதைக்க நல்ல விஷயம்.

பழைய கேமை யாராவது கைமாற்றித் தந்தால் மட்டும் கவனம். ஆரம்ப காலக் கேம்களில் காசு போட்டு இழுக்கும் சூதாட்ட மெஷின் உண்டு. புதியவற்றில் இல்லை.

படி 4: நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்

ரியூசனுக்கு நேரமாகும்போது "இது முடியட்டும் அம்மா" என்ற பாட்டு கட்டாயம் வரும். ஒரு விஷயம் தெரிந்து வைத்திருங்கள்: சண்டை நடுவில் சேமிக்க முடியாதுதான், ஆனால் சுவிட்சின் மேலே உள்ள பொத்தானை ஒருதரம் அழுத்தினால் ஆட்டம் அப்படியே உறங்கிவிடும். திரும்ப எழுப்பினால் அதே இடத்தில் நிற்கும். இணையத்தில் இன்னொருவரோடு மோதும்போது மட்டும் இது சரிவராது. ஆகவே மற்ற நேரங்களில் அந்தச் சாட்டுக்கு இடமில்லை.

நேரக் கட்டுப்பாட்டுக்கு நிண்டெண்டோவின் பெற்றோர் செயலியை உங்கள் போனில் போடுங்கள். நேரம் முடிந்ததும் அது சாதாரணமாக எச்சரிக்கை மட்டும்தான் காட்டும். ஆட்டமே நிற்க வேண்டுமென்றால் அதற்கான தெரிவைத் தனியாகப் போட வேண்டும். பலர் இதைச் செய்யாமல், "செயலி வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

படி 5: காசும் இணையமும்

ஸ்கார்லெட் போன்ற முதன்மைக் கேம்களில் பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பதில்லை. கூடுதல் கதைப் பகுதி வேண்டுமென்றால்தான் தனியாக வாங்க வேண்டும். கடைப் பக்கத்தைப் பூட்டி, உங்கள் கார்ட் விவரத்தை அதில் வைக்காமல் விட்டால் சரி. போனில் ஓடும் போக்கிமான் கோ வேறு கதை: இலவசமாக இறக்கலாம், உள்ளே பொருள் வாங்கத் தூண்டும், இருக்கும் இடத்தையும் பார்க்கும். திருகோணமலைக் கோட்டைக்குள் மான் பார்க்கப் போன பிள்ளை போனையே பார்த்துக்கொண்டு நடக்கும். அதை நீங்கள் கூடப் போகும்போது மட்டும் கொடுங்கள்.

படி 6: இரண்டு பிள்ளைகள் இருந்தால்

சுவிட்சில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள், சேமிப்பு தனித்தனியாக இருக்கும். நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவிகளான கேம்போய், டிஎஸ் ஆகியவற்றின் போக்கிமான் கேம்களில் ஒரேயொரு சேமிப்புத்தான். கேம்போயில் தம்பி புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் அக்காவின் ஆட்டம் போய்விடும், டிஎஸ்ஸில் அக்காவின் சேமிப்பை அழித்தால்தான் தம்பி சேமிக்க முடியும். அப்புறம் வீட்டில் நடக்கும் சண்டைக்கு எந்தப் பெட்டியிலும் வயது எண் போட்டிருக்காது.